பட்டனுக்கு அடியில் ஒரு கரும்புள்ளி

பக்கோர், கவித்தே
9 பிப்ரவரி 2016

அம்பாரோ,

என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். லூசிங்கின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுப்பாய் என்று தெரியும். ஆனால் பெண்டாட்டியின் போனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொந்தத் தங்கையோடு பேச எனக்கு இஷ்டமில்லை. அதனால் பார்சல், அதனால் கடிதம். பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். லேத் பிடித்த கையில் பேனா நிற்கமாட்டேன் என்கிறது.

பெட்டிக்குள் பழைய பனியன் துணியில் சுற்றி ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். நம் பட்டறையில் செய்த மின்சிகரெட்டின், அந்த வேப் குழாயின், அடிப்பட்டன். குழாயை அனுப்பவில்லை, இதை மட்டும் கழற்றினேன். பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. ஏன் என்று எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. உன் வாயால் கேட்க வேண்டும். தினமும் மின் நிலையத்தில் பெரிய பெரிய சுவிட்சோடு மல்லுக்கட்டுகிறவள் நீ. இந்தப் பொடிசைப் பார்த்துச் சொல்வது உனக்குப் பெரிய காரியமில்லை.

வேறு யாரிடமும் காட்டவில்லை. நீயும் காட்டாதே.

லூசிங் காப்பித்தூள் வைத்திருக்கிறாள். அது அவள் அனுப்பியது, நான் இல்லை.

டொரோ


மஸ்பாத்தே
17 பிப்ரவரி 2016

கூயா,

காப்பித்தூளுக்கு லூசிங்கிடம் நன்றி சொல்லுங்கள். அண்ணன் என்று உங்களுக்கும் நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சுவிட்சைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். பட்டன் மாட்டிக்கொள்ளவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மேல் காண்டாக்டும் கீழ் காண்டாக்டும் உருகி ஒன்றாகிவிட்டன. ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பினேன். 'டக்' என்று பிரிந்தபோது கடுகளவு ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றி எலி கொறித்த மாதிரி குழிகள்.

நீங்கள் இதைப் பல முறை என் வாயால் கேட்டு அலுத்தவர்தான். இருந்தாலும் எழுதுகிறேன். நம் குழாய்க்குள் எந்தக் காவலும் கிடையாது. பேட்டரி, இரண்டு உலோகத் துண்டு, அவ்வளவுதான். பட்டனை அமுக்கியதும் பேட்டரியின் முழு பலமும் அந்த இரண்டு துண்டு தொடும் இடத்தின் வழியாகப் பாய வேண்டும். சட்டென்று தொட்டு, அழுத்தமாக நின்று, சட்டென்று பிரிந்தால் பொறி சிறுத்துப் போகும். தயங்கித் தயங்கித் தொட்டால் ஒவ்வொரு தயக்கத்துக்கும் ஒரு பொறி. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வெல்டிங். குழி விழுகிறது, கரி படிகிறது, கரி சூடேற்றுகிறது, சூட்டில் ஸ்பிரிங் தளர்கிறது. தளர்ந்த ஸ்பிரிங் இன்னும் தயங்குகிறது. இந்தச் சுவிட்சின் ஸ்பிரிங் என் சுண்டுவிரலுக்கே அமுங்குகிறது. பட்டன் தானாக அமுங்காமல் தடுக்கும் பூட்டு வளையமும் இல்லை.

மணிலா கண்காட்சியில், வாங்க வந்தவர்கள் பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது, ஸ்பிரிங்கைக் கடினமாக்கச் சொன்ன என்னை என்ன சொன்னீர்கள்? "பொண்ணுங்களுக்கு விரல்ல பலம் இல்ல, அதான் பயப்படுது. பட்டன்னா வெண்ணெய் மாதிரி அமுங்கணும்பா." எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு முன் என் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "எல்லாம் என் கைவேலை" என்றீர்கள். நான் மறக்கவில்லை.

இன்னொன்று. சுவிட்சின் மரைக்குள் நீல நூல் சிக்கியிருக்கிறது, கருகிய நூல். ஜீன்ஸ் துணி. இது யாருடைய சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்தது. யாருடையது?

அம்பாரோ


பக்கோர்
25 பிப்ரவரி 2016

அம்பாரோ,

உன் கண்ணுக்கு நூல் கூடத் தப்பாது.

பெயர் மெல்ச்சோர். சப்போத்தே – பக்லாரன் தடத்தில் ஜீப்னி ஓட்டுகிறவன். நாற்பத்தொரு வயது. மகளுக்கு மூச்சிரைப்பு, அதனால் சிகரெட்டை விட்டுவிட்டு நம் குழாய்க்கு வந்தவன். ஒரு நாளைக்கு இருபது முறை இழுப்பானாம்.

ஜனவரி கடைசி வாரம், நண்பகல், நெரிசலில் வண்டி நிற்கிறது. குழாய் வலது பக்கப் பையில். இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்தபோது பட்டன் அமுங்கியிருக்கிறது, அப்படியே நின்றுவிட்டது. தொடை சுடுகிறது என்று தெரிந்ததும் உள்ளே பதினோரு பயணிகள் இருக்கிறார்கள் என்று வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டுத்தான் பையில் கைவிட்டான். அதற்குள் பேட்டரி வெடித்தது. தொடை வெந்துவிட்டது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை.

அவன் மனைவி நெனித்தா மூன்றாம் நாள் பட்டறைக்கு வந்தாள். மிச்சமிருந்த குழாயைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து லேத் மேல் வைத்தாள்.

"இது உங்க குழாய்தானே? அடியில முத்திரை இருக்கு."

"எங்களுதுதான். ஆனா பேட்டரி உறை கிழிஞ்சிருந்தா யார் செஞ்ச குழாயா இருந்தாலும் இப்படித்தாம்மா ஆகும்" என்றேன்.

"கிழிஞ்சிருந்துதா இல்லையான்னு பாக்க பேட்டரி எங்க இருக்கு? அவர் தொடையிலதான் இருக்கு. டாக்டர் இன்னும் பொறுக்கிட்டிருக்கார்."

குழாயை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அழவுமில்லை, சாபமும் விடவில்லை. லூசிங்தான் பிறகு அழுதாள்.

குழாய் செய்கிறவர்களின் இணையக் குழுவில் அப்போது இரண்டு நாள் இதே பேச்சு. பயன்படுத்தியவன் தவறு, உறை கிழிந்த பேட்டரி, மலிவு பேட்டரி என்று எல்லாரும் எழுதினார்கள். நானும் எழுதினேன். என்ன செய்யச் சொல்கிறாய்? பட்டறையில் என்னை நம்பி மூன்று குடும்பம் இருக்கிறது.

கண்காட்சியில் சொன்னது வேடிக்கைக்கு. நீ அதை இவ்வளவு நாள் சுமப்பாய் என்று நினைக்கவில்லை.

டொரோ


மஸ்பாத்தே
4 மார்ச் 2016

கூயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'நானும் எழுதினேன்' என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றுவிட்டேன். ஒட்டிப்போன சுவிட்ச் உங்கள் பெட்டியில் இருந்தது. அதை எனக்குப் பார்சல் கட்டிய கையால்தான் 'பேட்டரி உறை கிழிந்திருக்கும்' என்று எழுதினீர்கள். பதினோரு பேருக்காக வண்டியை ஓரம் கட்டியவனைப் பற்றி.

அந்த மென்மையான ஸ்பிரிங் போட்டு எத்தனை விற்றீர்கள்? எண்ணிக்கையைக் கேட்கவில்லை, ஆட்களைக் கேட்கிறேன். பெயர், ஊர். அத்தனை பேருக்கும் இன்றைக்கே சொல்லுங்கள்: பேட்டரியைக் கழற்றிவிடு, குழாயைத் திருப்பி அனுப்பு. இதைச் செய்யாவிட்டால் நான் குழுவில் என் பெயர் போட்டு எழுதுவேன். வரைந்தது நான், எழுத எனக்கு உரிமை உண்டு.

கோபத்தில் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சோதித்துப் பார்த்தேன். ஊரை விட்டு வரும்போது நான் எடுத்துவந்த இரண்டு மாதிரிச் சுவிட்ச் இருந்தது. ஒன்றில் உங்கள் ஸ்பிரிங், மற்றதில் என் ஸ்பிரிங். எங்கள் பொறியாளர் வில்யாரூஸ் வேலை முடிந்த பிறகு மேசையைப் பயன்படுத்திக்கொள்ள விட்டார். "ஏம்மா, பதிமூணாயிரம் வோல்ட்டு பாக்குற பொண்ணு, நாலு வோல்ட்டுக்கு இப்படி வேர்க்குதே" என்று கிண்டல் செய்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரே உட்கார்ந்து அமுக்கினார். நான்கு மாலை. ஒவ்வொன்றும் இரண்டாயிரம் முறை. கட்டைவிரல் வீங்கிவிட்டது.

என் ஸ்பிரிங் போட்டதில் கறுப்பு படிந்தது. சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. உங்களுடையதில் அறுநூறிலேயே குழி. பேட்டரி கொஞ்சம் தளர்ந்து உள்ளே ஆடினால் குழி இன்னும் சீக்கிரம் வருகிறது. காண்டாக்டுக்கும் பேட்டரிக்கும் இடையில் மயிரிழை இடைவெளி கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று புரியவில்லை. இரண்டாயிரம் முறை ஆகியும் உங்களுடையது குழி விழுந்ததே தவிர ஒட்டவில்லை. மெல்ச்சோருடையது ஒட்டியது. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்பாரோ


பக்கோர்
15 மார்ச் 2016

அம்பாரோ,

குழுவில் எழுதியதை நீக்கிவிட்டேன். பதிலுக்கு, 'எங்கள் குழாயின் பட்டன் ஒட்டிக்கொள்கிறது, பேட்டரியைக் கழற்றுங்கள், குழாயைத் திருப்பித் தாருங்கள்' என்று எழுதினேன். திருப்தியா? ஒரு மணி நேரத்தில் நூறு பேர் காறித் துப்பினார்கள். போட்டிக்காரன் ஒருவன், "டொரோட்டியோவோட குழாய் வாங்கினா தொடைக்கு வறுவல் இலவசம்" என்று எழுதினான். சிரிப்பு முகமாக வந்து குவிந்தது. மெல்ச்சோருக்கு அந்தக் கிண்டல் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

தினமும் குழாய்கள் வருகின்றன. சிலர் கொண்டுவந்து முகத்தில் எறிகிறார்கள். சிலர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

புதிய சுவிட்ச் மூன்று அனுப்பியிருக்கிறேன். ஸ்பிரிங்கே இல்லை, ஒன்றையொன்று தள்ளும் இரண்டு காந்தம் வைத்திருக்கிறேன். பூட்டு வளையம் உண்டு. காண்டாக்ட் கெட்டி வெள்ளி, முலாம் இல்லை. குழாயின் பக்கத்தில் மூன்று துளை போட்டுவிட்டேன், பேட்டரி பொங்கினாலும் காற்று வெளியே போகும். குழாய் மேல் நான் செதுக்கும் அலங்காரத்தின் நடுவில் ஓட்டை விழுந்தாயிற்று. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல் வரைக்கும். உள்ளே நெனித்தா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். கோழை என்று எழுது, பரவாயில்லை. நீ மட்டும் என்ன? சண்டை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினவள்தானே. இங்கே இருந்து கத்தியிருக்கலாம், பட்டறையைப் பூட்டியிருக்கலாம், என் மண்டையை உடைத்திருக்கலாம். போய்விட்டாய்.

அந்தச் சுவிட்சைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. விடு.

டொரோ


மஸ்பாத்தே
29 மார்ச் 2016

கூயா,

புனித வாரம் முழுவதும் நிலையத்தில் எனக்குக் காவல் வேலை. யாரும் இல்லாத நேரத்தில் உங்கள் சுவிட்ச்களைச் சோதித்தேன். நல்ல வேலை. துளைகளும் நல்ல இடத்தில். ஆனால் காந்தம் வேண்டாம். சூடானால் அதன் பலம் குறையும். பிரச்சினை வரும் நேரத்தில்தான் அது கைவிடும். தடித்த ஸ்பிரிங் போடுங்கள், மின்சாரம் அந்த ஸ்பிரிங் வழியாகப் போகாதபடி பாதையைத் தனியாக வையுங்கள். சூடு படாத ஸ்பிரிங் தளராது.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

மெல்ச்சோருடையது ஏன் ஒட்டியது என்ற கேள்வி என்னை விடவில்லை. அவருடைய காண்டாக்டை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். என் மாதிரியையும் அறுத்தேன். என்னுடையதில் பித்தளை, அதன் மேல் செம்பு, அதன் மேல் தடித்த வெள்ளி. அவருடையதில் பித்தளை மேல் நேராக வெள்ளி. செம்பு அடுக்கே இல்லை. வெள்ளியும் முட்டை ஓட்டுக்குள் இருக்கும் தோல் மாதிரி மெல்லிசு. சில நாளிலேயே அது தேய்ந்து, பித்தளையோடு பித்தளை உரசியிருக்கிறது. பித்தளை உருகி ஒட்டும்.

நம் பட்டறையில் முலாம் போட்டது நான் ஒருத்திதான். எத்தனையோ போட்டிருக்கிறேன், செம்பு போடாமல் ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு நாளைத் தவிர.

கண்காட்சி முடிந்த மறுநாள். நாற்பது ஜோடி காண்டாக்ட் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றீர்கள். இரண்டு நாள் வேலை. எல்லாரும் சிரித்தது என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. 'எல்லாம் உன் கைவேலைதானே, அப்படியே இருக்கட்டும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, செம்புத் தொட்டியைத் திறக்காமலே நாற்பதையும் வெள்ளியில் முக்கி எடுத்தேன். பளபளவென்றுதான் இருந்தன. மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினான்கு மாதமாக உங்கள் வாய் சொன்னதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கை செய்தது ஒரு தடவை கூட நினைவுக்கு வரவில்லை. உங்களுக்குப் பாடம் எடுத்து எழுதிய கடிதங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை.

ஸ்பிரிங் உங்களுடையது. பூச்சு என்னுடையது. அந்த இரண்டு விரல் என் கணக்கில்தான் வரும்.

அம்பாரோ


பக்கோர்
6 ஏப்ரல் 2016

அம்பாரோ,

எனக்குத் தெரியும்.

நெனித்தா குழாயை லேத் மேல் வைத்தபோதே அதில் அடித்த வரிசை எண்ணைப் பார்த்தேன். நீ கடைசியாக முலாம் போட்ட நாற்பதில் ஒன்று. சுவிட்சை மட்டும் கழற்றி அனுப்பியதே எண் உன் கண்ணில் படக் கூடாது என்றுதான். நீயே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்து வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தேன். அப்போது என் மனசு அப்படி இருந்தது. உன் முதல் கடிதம் உபதேசமாக வந்தபோது லூசிங்கிடம் படித்துக் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசறது அந்த ஆளோட விரலைப் பத்தி. உங்க மானத்தைப் பத்தி இல்ல" என்றாள். அன்றிலிருந்து என்னாலும் சிரிக்க முடியவில்லை.

இன்னும் கேள். அந்த நாற்பதையும் பொருத்தியது நான். முதல் காண்டாக்டைக் கையில் எடுத்தபோதே எடை குறைவு என்று விரலுக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் உலோகம் தொட்ட விரல், அதற்குத் தெரியாதா? நகத்தால் கீறினேன், மஞ்சள் தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஓடிப்போனவளிடம் போய்க் கேட்பதா என்று பொருத்திவிட்டேன். நீ கோபத்தில் முக்கினாய், கண்ணால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திருகினேன். யார் கணக்கில் எவ்வளவு என்று என்னிடம் எழுதாதே.

அந்த நாற்பதில் மெல்ச்சோருடையதைச் சேர்த்து முப்பத்தொன்பது கைக்கு வந்துவிட்டது. திறந்து பார்த்தேன். எட்டில் ஒட்டும் பதத்துக்கு வந்திருந்தது. எட்டுப் பேர், அம்பாரோ. லூசிங்கிடம் இதைச் சொல்லவில்லை.

மிச்சம் ஒன்று. சிக்ஸ்தோ என்று படகு எஞ்சின் மெக்கானிக், திக்காவோ தீவு. உன் பக்கத்துக் கடல்தான். குறுஞ்செய்தி அனுப்பினேன், "நல்லாத்தான் ஓடுது, தொல்லை பண்ணாதே" என்று பதில் வந்தது. பிறகு போன் எடுக்கவில்லை. நீ போய் வாங்கி வர முடியுமா? உத்தரவில்லை, கேட்கிறேன்.

டொரோ


மஸ்பாத்தே
18 ஏப்ரல் 2016

கூயா,

கடிதம் வந்த அன்றே கிளம்பியிருப்பேன். கடல் கொந்தளித்ததால் மூன்று நாள் படகு இல்லை. நான்காம் நாள் போனேன். படகில் தேர்தல் போஸ்டர் கட்டுகளுக்கும் பன்றிக்குட்டிக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்த ஆள் அதற்குள் எத்தனை முறை அமுக்கியிருப்பான் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

சிக்ஸ்தோ கரையில் ஒரு படகுக்குள் தலையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். குழாய் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. நெஞ்சுக்கு நேராக, கூயா. விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா மஸ்பாத்தேலேர்ந்து வந்தே? போம்மா, வெயில்ல மயங்கி விழப்போறே."

"ஒரே ஒரு நிமிஷம் திறந்து காட்டுங்க."

"நல்லா ஓடுற எஞ்சினை எவனாவது திறப்பானா? கொஞ்ச நாளா பட்டன் லேசா ஒட்டுது. நான் நகத்தால இழுத்து விட்டுக்கறேன். அது ஒரு குறையா?"

நகத்தால் இழுத்து விடுகிறாராம். இனி பொய் சொல்லி வாங்குவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

"இதுக்கு முலாம் போட்டது நான்தான். அண்ணன் மேல கோபத்துல அரைகுறையாப் போட்டேன். இதே மாதிரி ஒண்ணு வெடிச்சு ஒருத்தருக்கு ரெண்டு விரல் போச்சு. உங்களுக்கு நெஞ்சு போகும்" என்றேன்.

அவர் படகுக்குள்ளிருந்து முழுசாக வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரும் இப்படி வந்து சொல்லி நான் கேட்டதில்ல" என்றார். கயிற்றைத் தலைக்கு மேல் கழற்றி என் கையில் வைத்தார். பேட்டரியை அங்கேயே கழற்றினேன், கை பொறுக்காத சூடு. பிறகு அவர் மனைவி சோறு போட்டாள். சாப்பிட முடியவில்லை. சாப்பிடாமல் எழுந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று விழுங்கினேன். கிளம்பும்போது சிக்ஸ்தோ, "அந்த விரல் போன ஆள்கிட்டயும் இதே மாதிரி சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மறுபடி படகுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நாற்பதும் வந்துவிட்டது. இனி பார்சல் வேண்டாம். இருபத்தெட்டாம் தேதி கப்பலும் பஸ்ஸும் பிடித்து வருகிறேன். மெல்ச்சோர் வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவோம். எனக்கு முன்னால் தனியாகப் போய் எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வாசல் வரை போய்த் திரும்பி வரவும் விடமாட்டேன்.

அம்பாரோ


பக்கோர்
22 மே 2016

அம்பாரோ,

இப்போது போனிலேயே பேசலாம் என்றாலும் இதை எழுதத்தான் வருகிறது.

நீ அன்றைக்கு மெல்ச்சோர் வீட்டில் முலாம் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது உன்னை எவ்வளவு உடைத்தது என்று பஸ் ஏற்றிவிடும்போது பார்த்தேன். நானும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஊர் மன்றத்தில் வைத்தியச் செலவை நான் தருவதாகக் கையெழுத்துப் போட்டபோதும் அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

போன வாரம் நெனித்தா பட்டறைக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க. மன்னிச்சிட்டார்னு சொல்ல வரல. அவர் மன்னிக்கல. நானும் மன்னிக்கல."

"சரிம்மா."

"வண்டி ஓட்டணுங்கறார். வலப்பக்கம் இருக்கிற கியர் குமிழ் அந்தக் கையில நிக்கலையாம், வழுக்குதாம். கடையில விக்கிறது எல்லாம் அஞ்சு விரல் இருக்கிறவனுக்குச் செஞ்சது. வேற ரெண்டு பட்டறையில கேட்டோம், சிரிச்சாங்க. உங்களால ஆகுமா?"

"ஆகும். ஆனா அளவு வேணும், அவர் கையோட அளவு" என்றேன்.

"அவர் இங்க வருவாரான்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வந்தான். நேற்று காலை, பட்டறை திறந்த உடனே, தனியாக, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். ஸ்டூலைப் போட்டேன். உட்காரவில்லை. சுவரில் தொங்கிய குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டேன் என்று உனக்குத் தெரியும், வெறும் ஆணிகள்தான் இருந்தன. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தான். "தங்கச்சி போயிடுச்சா?" என்று கேட்டான். "போயிட்டா" என்றேன். தலையாட்டினான்.

பிறகு வலது கையை என் மேசை மேல் வைத்தான். உள்ளங்கை மேலாக.

புதுத் தோல் இளஞ்சிவப்பாக, ஈரம் மாதிரி மினுங்கியது. அளவெடுக்கும் காலிப்பரை எடுத்தேன். அதன் நுனி இரும்பு, குளிர்ந்த இரும்பு, கூர். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ அளந்திருக்கிறேன், மேசையில் வைத்த எதுவும் வலிக்கும் என்று சொன்னதில்லை. எண்களே கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தேன்.

மெல்ச்சோர் அவசரப்படவில்லை. என் காலிப்பரை இடது கையால் எடுத்து, நுனியைத் தன் சட்டையில் தேய்த்துச் சூடாக்கி, திரும்ப என் கையில் கொடுத்தான்.

"மெதுவா அள" என்றான். "இந்தத் தடவை சரியா வரணும்."

டொரோ